மன்னார்த் தீவுக்கு எந்தக் காற்றில் வரப்போகிறீர்கள்?

கேள்வி இதுதான்: "டிசம்பர் விடுமுறையில் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு மன்னார்த் தீவுக்கு வர நினைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பூநாரையும் கழுதையும் பார்க்க வேண்டும். மனைவிக்கு அமைதியான கடற்கரை வேண்டும். எனக்கு மீனவக் கிராமங்களில் ஆசை. இரண்டு நாள் போதுமா?"

இரண்டு நாள் போதும். டிசம்பர்தான் இடிக்கிறது.

நான் இந்தத் தீவில் வளர்ந்தவன். இங்கே எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் காற்றில்தான் போய் முடியும். எங்களுக்கு நாட்காட்டியில் இரண்டே இரண்டு பக்கம். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மாரி தொடங்கியபின் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. நடுவில் கொஞ்சக் காலம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிற ஒரு மணல் துண்டு. நீளம் 30 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும், அகலம் பல இடங்களில் சைக்கிளில் கால் மணி நேரம். வடக்கே பாக்குக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசினால் வடகடல் குமுறும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். சோளகத்தில் அப்படியே எதிர்மாறு. மீனவர்கள் வள்ளத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவதும் இதற்காகத்தான். பறவைகள் வருவதும் போவதும்கூட இதை ஒட்டித்தான்.

அதனால் டிசம்பரில் வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பார்ப்போம். எங்கள் பக்கம் வருடத்தின் பெரும்பங்கு மழை ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பாலத்தடியில் இருக்கிற ஆழமில்லாத கடனீரேரியில், நாங்கள் பரவை என்போம், தண்ணீர் ஏறி நிற்கும். பூநாரைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான் வேண்டும். தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை அரித்துத் தின்கிற பறவை அது. தண்ணீர் கூடினால் அது எங்கோ ஒதுங்கிவிடும், நீங்கள் தொலைவில் வெள்ளைக் கோடு ஒன்றைப் பார்த்துவிட்டு "அதுதான் பூநாரை" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதுதான். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கினால் நிலைமையே வேறு. ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, பறவைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. பெப்ரவரியில் ஒரு நீண்ட வார இறுதி கிடைத்தால் டிசம்பரை விட்டுவிட்டு அப்போது வாருங்கள். ஆனால் சிவராத்திரியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். திருக்கேதீஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தில் மன்னார் நகரில் ஓர் அறைகூடக் கிடைக்காது.

பாடசாலை விடுமுறை வேறு இல்லை, டிசம்பர்தான் என்றால் நத்தாரை ஒட்டி வாருங்கள். கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் அந்த வாரம் இருக்கிற இருப்பே தனி. பறவை குறையும், ஊர் கூடும்.

சரி, வந்து சேரும் வழி. வவுனியாவிலிருந்து 80 கிலோமீற்றர் அளவு, யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக வந்தால் இரண்டரை மணி நேரத்துக்குள். கொழும்பிலிருந்து வானில் வந்தால் ஆறேழு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலும் உண்டு. 1990இல் போரால் அறுந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் கடைசி நிலையம் வரை மறுபடி திறக்கப்பட்டது. திருத்த வேலை, வெள்ளம் என்று இடையிடையே சேவை நிற்பதுண்டு, ஆகவே புறப்படுமுன் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளோடு ஒரு முறையாவது ரயிலில் வருவது நல்லது. மடுக் காட்டைக் கடந்து, வயல்வெளி முடிந்து, மரமே இல்லாத உப்புவெளிக்குள் ரயில் நுழையும்போது பிள்ளைகள் தாமாக ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

பெருநிலத்தையும் தீவையும் சேர்க்கிற மூன்று கிலோமீற்றர் அளவு அணைவீதிதான் உங்கள் முதல் வேலை. பலர் இதைக் கடந்து போகிற பாதை என்று நினைத்து வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். தீவின் சிறந்த காட்சி தீவுக்குள் நுழையுமுன்னே இருக்கிறது. வீதியின் இருபுறமும் உள்ள நீர்ப்பரப்பும் சேற்றுநிலமும் வங்காலைப் பறவைகள் சரணாலயம், 4,839 ஹெக்டேர். 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சார் என்ற அனைத்துலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் இந்தியா வழியாக இறங்கி வருகிற பறவைகளுக்கு இலங்கையின் வாசற்படி இதுதான்.

காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஆறரைக்குப் பிறகு எழும்புகிற பழக்கம் உள்ள குடும்பம் என்றால் இப்போதே சண்டையைத் தொடங்கி முடித்துவிடுங்கள். ஒரு முறை கொழும்பிலிருந்து வந்த உறவினர்களை நண்பகலில் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கானல்தான் நெளிந்தது. வந்தவர்கள் பூநாரையைப் பார்த்தார்களா, சூட்டில் நெளிகிற உப்புத்தரையைப் பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி கொண்டு வாருங்கள், பிள்ளைக்கு ஒன்று கொடுத்துவிட்டால் உங்களுக்கு ஒரு மணி நேரம் நிம்மதி.

பூநாரை தவிர ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். சேற்றில் உள்ளான் வகைகள், அவற்றுக்கு நடுவே நாரை, கூழைக்கடா. மீன் இறங்குகிற கரைகளில் கடற்காகங்கள். ரஷ்யாவின் வடகோடித் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே மீன்குடலுக்கு அடிபடுகிற பெரிய கடற்காகங்களும் அவற்றுள் உண்டு. ஒரு வேடிக்கை: தென்னிலங்கையிலிருந்து வருகிற பறவை ஆர்வலர்கள் விலையுயர்ந்த கமராவோடு வேலியோரம் பதுங்கிக் கிடப்பார்கள். என்னவென்று எட்டிப் பார்த்தால் இரட்டைவால் கரிச்சான், அல்லது கௌதாரி. தமிழ்நாட்டில் மின்கம்பி தோறும் உட்கார்ந்திருக்கிற கரிச்சானுக்கு இலங்கையில் வடக்குக் கரையோர வறள்நிலம்தான் வீடு. அதைப் பார்க்க அவர்கள் முந்நூறு கிலோமீற்றர் வருகிறார்கள்.

சேற்றில் இறங்கிப் பூநாரையை நெருங்காதீர்கள். படம் நன்றாக வரும் என்று கைதட்டிப் பறக்கவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு தடவை எழும்பினால் அவை இரையெடுக்கிற நேரம் போய்விடும், அடுத்த நாள் இன்னும் தொலைவில்தான் இறங்கும். ட்ரோன் பறக்கவிடவே கூடாது.

கழுதை பார்க்க எங்கேயும் போக வேண்டாம், நகரில் காலாற நடந்தால் போதும். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்பது ஊர்ச் சொல். முந்தி உப்பும் விறகும் சுமந்தன. ஓட்டோவும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் வந்தபின் அவற்றுக்கு வேலை போய்விட்டது, உரிமையாளரும் போய்விட்டார். இப்போது பஸ் நிலையத்தடியிலும் வங்கி வாசலிலும் நின்றுகொண்டு யோசிக்கின்றன. இரவில் வீதியில் படுத்திருக்கும், வான் சாரதியிடம் சொல்லி வையுங்கள், மோதி அடிபடுகிற கழுதைகள் அதிகம். காயப்பட்டவற்றைப் பராமரிக்க நகரில் ஒரு கழுதை மருத்துவ நிலையமே நடக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். பாண் துண்டும் பிஸ்கட்டும் போட வேண்டாம். ஏற்கெனவே குப்பையில் பொலித்தீன் தின்று வயிறு கெட்ட சாதி அது.

பள்ளிமுனைக்குப் போகிற வழியில் பெருக்கமரம் (பாவோபாப்) நிற்கிறது. ஆபிரிக்காவிலிருந்து கடல்வழி வந்த மரம், இதையும் அராபியர் ஒட்டகத் தீனிக்காக நட்டார்கள் என்று சொல்வார்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ அதன் பாதிகூட இல்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் யானை முழங்காலிட்டு நிற்கிறதென்பார்கள். பத்து நிமிடம் போதும். நகரின் கோட்டையும் அப்படித்தான். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே இடிபாடும் முள்ளும்தான். மாலை வெயில் தணிந்தபின் மதில்மேல் ஏறினால் பரவையும் பாலமும் நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் மனைவி கேட்ட கடற்கரை. வாடைக் காலத்தில் வருகிறீர்களானால் தென்கரைதான்: கீரி, தாழ்வுபாடு, அப்புறம் மேற்கே நடுக்குடா வரை நீள்கிற மணல். அலை கணுக்காலைத்தான் தொடும், தண்ணீர் தூரம்வரை ஆழமில்லை, பிள்ளைகள் குளிக்கலாம். ஆனால் இது அறுகம்பே அல்ல. குடை, சாய்கதிரை, இளநீர்க் கடை ஒன்றும் இராது. நிழல் என்றால் பனை நிழல், அதுவும் மெல்லிய கோடாகத்தான் விழும். உடைமாற்ற இடம் இல்லை. பெண்கள் நீச்சலுடையில் குளிப்பது ஊர்ப் பக்கத்தில் சங்கடம் தரும், உடலை மூடுகிற உடுப்போடு இறங்குவது நல்லது. சோளகத்தில் இதே கரைக்கு வந்தால் மணல் முகத்தில் ஊசிபோலக் குத்தும். ஒரு ஓகஸ்ட் மாதம் இந்தக் கரையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைத் திறந்தேன். சோற்றைவிட மணல்தான் கூடத் தின்றேன். அந்தக் காற்றைத் தேடியே தலைமன்னார் ஊருமலைப் பக்கம் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். அது அவரவர் விருப்பம்.

தென்கரையில் காற்றாடிகள் வரிசையாக நிற்கும். 'தம்பபவனி' மின் நிலையம், 30 காற்றாடி, 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படமும் நன்றாக வரும். ஊரில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். இன்னும் கூடுதலான காற்றாடிகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025இல் மக்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தார்கள். பறவை வருகிற பாதையும் மழைநீர் வடிகிற வழியும் மறிபடும் என்பது அவர்கள் சொல்கிற காரணங்களில் இரண்டு. இந்தியாவின் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து அந்த ஆண்டு பெப்ரவரியிலேயே விலகிவிட்டது. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் எல்லாவற்றையும் இந்த ஒடுங்கிய மணல்மேலேயே கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

கிராமங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பேசாலைக்குக் காலையில் போங்கள். வடகரையில் உள்ள பெரிய கத்தோலிக்க மீனவ ஊர். வெற்றிநாயகி கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் ஏலம் நடக்கும், கூச்சலாக இருக்கும், யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். அதுதான் நல்லது. சூடை, கணவாய், நண்டு, திருக்கை எல்லாம் மணலிலேயே குவிந்து கிடக்கும். அவர்கள் வேலை முடிகிறவரை ஓரமாக நில்லுங்கள், குறுக்கே போய்ப் படமெடுக்காதீர்கள். கடலைப் பற்றிக் கேட்டால் அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போன வலையைப் பற்றிச் சொல்வார்கள். அது இங்கே செய்தி அல்ல, அன்றாடம்.

கரைவலை பார்க்க வேண்டுமானால் வாடைக் காலத்தில் தென்கரை. பனையோலையில் வேய்ந்த வாடிகள், அதாவது மீனவர் குடில்கள், மணலில் நிற்கும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஆட்களும் பருவம் முடியும்வரை அங்கேதான் சமைத்துச் சாப்பிட்டுக் கிடப்பார்கள். முந்தி இரு புறமும் ஆட்கள் வரிசையாக நின்று அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய விஞ்ச் இழுக்கிறது. பாட்டுக்கு இடமில்லை, எஞ்சின் சத்தம்தான். வலை எப்போது கரை ஏறும் என்று முன்கூட்டிக் கேட்பதில் பயனில்லை. போன வருடம் ஒரு வாடியில் கேட்டேன்: "அண்ணை, எத்தினை மணிக்கு இழுப்பியள்?" அவர் வானத்தைப் பார்த்தார். "காத்தைப் பொறுத்துத் தம்பி. நீங்க இருந்து தேத்தண்ணி குடியுங்க." குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வலை வந்தது, பாதி சொறிமுட்டை, அதுதான் ஜெல்லிமீன். அவர் அதையும் பார்த்துச் சிரித்தார்.

தாராபுரம், எருக்கலம்பிட்டி பழைய முஸ்லிம் ஊர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் வெறுமையாயின. புத்தளத்தில் அகதியாக இருபது வருடம் கழித்துத் திரும்பியவர்கள் பலர், திரும்பாதவர்களும் பலர். பூட்டிய வீடுகளையும் புது வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பீர்கள். காரணம் தெரியாமல் "ஏன் பாழடைந்து கிடக்கிறது" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தோட்டவெளியில் வேதசாட்சிகள் கோயில் உண்டு. 1544இல் மதம் மாறியதற்காக யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனால் கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் நினைவு அங்கே பேணப்படுகிறது. தவக்காலத்தில் வந்தால் திருப்பாடுகளின் நாடகமோ நாட்டுக்கூத்தோ எங்காவது நடக்கிறதா என்று விசாரியுங்கள். மன்னார்க் கூத்துக்கு மாதோட்டப் பாங்கு என்று தனி மெட்டே இருக்கிறது.

தலைமன்னாரை இரண்டாம் நாள் மாலைக்கு வையுங்கள். நகரிலிருந்து 30 கிலோமீற்றர் அளவு, நேர்வீதி. பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த தூண்களும் வெள்ளை வெளிச்சவீடும் நிற்கும். 1914இலிருந்து கொழும்பில் ரயிலேறி, இங்கே கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறிச் சென்னை போனார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது, போர் தொடங்கியதும் அதுவும் நின்றது. என் பாட்டியார் மதுரைக்குப் போய்ச் சேலை வாங்கி வந்த கதையைச் சொல்வார். பக்கத்து ஊருக்குப் போய்வந்ததுபோலத்தான் சொல்வார்.

இராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் பாலம் ஒன்றும் தெரியாது. கடலுக்குள் அங்கங்கே தலைநீட்டுகிற மணல் தீடைகள்தான் அது. 2015இல் அந்தப் பகுதி தேசிய பூங்காவானது. தீடைக்குப் போக வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும், கடல் எல்லை அருகில் என்பதால் கடற்படைக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நான் கூட்டிப் போகிறேன், அனுமதி எல்லாம் வேண்டாம்" என்று யாராவது படகுக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விலகுங்கள். ஒரு தடவை அப்படி ஒருவரை நம்பி முற்பணம் கொடுத்தேன். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. சோளகக் காலத்தில் ஆலாப் பறவைகள் அந்தத் தீடைகளில் வெறும் மணலில் முட்டையிடும். மணலோடு மணலாகக் கிடக்கிற முட்டையை மிதித்தபின்தான் தெரியும். அந்த மாதங்களில் அனுமதி கிடைத்தாலும் போகாமல் இருப்பதையே நான் சொல்வேன்.

ஆவுளியாவைப் பற்றிக் கேட்காமல் விட்டது நல்லது. இந்தக் கடலில் கடற்பசு இருக்கிறது, விடத்தல்தீவுப் பக்கம் கடற்புல் மேய வருகிறது. ஆனால் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்களே கண்டதை விரல்விட்டு எண்ணுவார்கள். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது நாள் தப்பித்தவறிக் கிடைத்தால் தீவை விட்டு வெளியே வாருங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம், பாலாவிக் குளத்தோடு, அணைவீதி கடந்து கொஞ்சத் தூரத்தில். தெற்கே அரிப்பில் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, கடல் அரித்து ஒவ்வொரு தூணாக விழுந்துகொண்டிருக்கிறது.

தங்குவது நகரிலேயே வசதி, விடிய எழும்பி அணைவீதிக்குப் போக ஐந்து நிமிடம்தான். தாழ்வுபாட்டுப் பக்கமும் சில விடுதிகள் உண்டு. குடிதண்ணீர் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள், கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். கடற்படை முகாமைப் படமெடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு வீட்டுச் சமையல் தருகிற விடுதியாகப் பாருங்கள், முதல் நாளே சொல்லிவைத்தால் நண்டுக்குழம்பும் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழும் கிடைக்கும். கூழில் நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கிடக்கும். பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைக்கச் சொல்லுங்கள், சொன்னாலும் குறைக்க மாட்டார்கள்.

திரும்பும்போது கட்டாக் கருவாடு வாங்காமல் போகாதீர்கள். வீதியோரக் கடையைவிடப் பேசாலையில் காயவைக்கிற இடத்திலேயே கேட்டு வாங்கினால் மணல் குறைவு, விலையும் குறைவு. வானை மூடி ஏசி போட்டுக்கொண்டு கொழும்பு வரை போவதானால் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பழைய துவாய் ஒன்றால் கட்டிவிடுங்கள். இரண்டு சுற்றுக் காணாது.